இலை வீட்டுக்குள் ஒரு புழு: ஆப்பிரிக்கத் தாவிகளின் இளமைக் காலமும் உணவுத் தாவரங்களும்

கென்யாவின் கடற்கரைக் காடுகளில் காட்டுவள்ளிக் கொடி படர்ந்திருக்கும் இடத்தில் நின்று இலைகளை நிதானமாகப் பாருங்கள். சில இலைகளின் ஓரத்தில் ஒரு சின்ன மூடி தெரியும். யாரோ கத்தரிக்கோலால் விளிம்பிலிருந்து இரண்டு வெட்டு வெட்டி, நடுவில் ஒட்டி நிற்கும் துண்டை இலையின் மேலேயே கவிழ்த்து வைத்தது போல இருக்கும். அந்த மூடியை நகத்தால் மெல்லத் தூக்கினால் பட்டு இழைகள் ஒவ்வொன்றாக அறும். உள்ளே வெளிர்நிறப் புழு ஒன்று வளைந்து படுத்திருக்கும். உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை, அதற்குப் பின்னால் சட்டென்று ஒடுங்கும் கழுத்து. இதுதான் டாகியடிஸ் ஃபிளீசஸ் என்ற தாவி வண்ணத்துப்பூச்சியின் புழு.

இந்தப் புழுவின் வீட்டையும் அது தின்னும் இலையையும் பார்த்தே அது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். வளர்ந்து பறக்கும் தாவியைப் பார்த்து அப்படிச் சொல்வது பல நேரம் கடினம். தாவிகளைப் படிக்க விரும்புகிறவர்களை நான் முதலில் புழுவிடம் அனுப்புவது இதனால்தான்.

வண்ணத்துப்பூச்சிகளில் தாவிகள் தனிக் குடும்பம். தடித்த உடல், அகன்ற தலை, நுனியில் கொக்கி போல வளைந்த உணர்கொம்பு. பறப்பதும் மற்ற வண்ணத்துப்பூச்சிகளைப் போல மிதந்து போவதில்லை. விருட்டென்று எழுந்து, வந்த தடம் தெரியாமல் இன்னொரு இலைக்குப் போய்விடும். உலகில் சுமார் 4,000 வகைத் தாவிகள் இருக்கின்றன. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவிலும் அதன் தீவுகளிலும் மட்டும் ஐந்நூறுக்கும் மேல். இவற்றில் பெரும்பான்மை பழுப்பு. பழுப்பில் சில வெள்ளைப் புள்ளிகள், அவ்வளவுதான். போர்போ என்ற பேரினத்தில் சில வகைகளைப் பிரித்தறிய, பூச்சியின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. புழுக்களோ தலையில் கோடும் புள்ளியுமாக அடையாளத்தை எழுதி வைத்துக்கொண்டு வருகின்றன.

முட்டையிலிருந்து தொடங்குவோம். தாவியின் முட்டை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலம். தட்டையான அடிப்பக்கம் இலையில் ஒட்டியிருக்க, மேலே குவிமாடம் போல எழும்பியிருக்கும். புல் தின்னும் கூட்டத்தில் முட்டை பெரும்பாலும் வழவழப்பு. மற்றக் கூட்டங்களில் மேலிருந்து கீழாக வரிவரியான மேடுகள் ஓடும். தாய் பொதுவாக ஓர் இலையில் ஒரே ஒரு முட்டைதான் வைக்கும். டாகியடிஸ் போன்ற சில தாவிகளின் தாய் வயிற்று நுனியில் ஒரு மயிர்க் கொத்து இருக்கும். முட்டையிட்டதும் அந்த மயிரை உதிர்த்து முட்டையின் மேல் போர்த்திவிட்டுப் போகும். பார்ப்பவருக்கு அது முட்டையாகவே தெரியாது, இலையில் ஏதோ பூஞ்சை படிந்தது போல இருக்கும். முட்டைக்குள் முட்டை வைக்கத் தேடி வரும் நுண்குளவிகளுக்கு இது ஒரு தடை என்று கருதுகிறார்கள்.

பொரிந்த புழு ஓட்டைக் கடித்துக்கொண்டு வெளியே வரும். பல வகைகளில் அந்த ஓடே முதல் உணவு. அடுத்தது வீடு. இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள உயிர், இலை விளிம்பில் தாடையால் ஒரு வெட்டுப் போடும். கொஞ்சம் தள்ளி இன்னொரு வெட்டு. பிறகு வெட்டுக்கும் எதிர்ப்பக்க இலைக்கும் இடையே தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி ஆட்டிப் பட்டு நூல் இழுக்கும். பட்டு காயும்போது சுருங்கும். ஒவ்வோர் இழையும் சுருங்கச் சுருங்க இலைத் துண்டு கொஞ்சம் கொஞ்சமாக எழும்பி, கடைசியில் முழுக்கக் கவிழ்ந்து மூடியாகிவிடும். புழுவுக்கு இலையை மடக்கும் வலு கிடையாது. அந்த வேலையைச் செய்வது நூலின் சுருக்கம்தான்.

தோலுரித்து வளர வளரப் பழைய வீடு போதாமல் போகும். புழு அதை விட்டுவிட்டுப் புதிதாக, பெரிதாகக் கட்டும். பொதுவாக ஐந்து புழுப் பருவங்கள், சிலவற்றில் ஆறு. ஒரே கொடியில் மேலிருந்து கீழாகப் பார்த்தால் அரிசி அளவு மூடியிலிருந்து விரல் நீள மடிப்பு வரை அந்தப் புழுவின் வரலாறே வரிசையாக இருக்கும். காலியான வீடுகளையும் கவனிக்கச் சொல்வேன். புழு எந்த இலையில் வாழ்ந்தது, எந்த அளவு வளர்ந்தது என்பதை அவையும் சொல்கின்றன.

வீட்டின் வடிவம் கூட்டத்துக்குக் கூட்டம் மாறும். அகன்ற இலை தின்பவை வெட்டி மடிக்கின்றன. புல் தின்பவை புல்லின் இரு ஓரங்களையும் சேர்த்துத் தைத்துக் குழலாக்குகின்றன. பனை வகைகளில் வாழ்பவை ஓலையின் ஒரு கீற்றை நீளவாக்கில் மடித்தோ, இரண்டு கீற்றுகளைச் சேர்த்துப் பிணைத்தோ உள்ளே ஒடுங்குகின்றன. பகல் முழுக்க உள்ளே கிடந்துவிட்டு, இருட்டிய பிறகு வெளியே வந்து பக்கத்து இலையைத் தின்று மறுபடி உள்ளே போவது பல வகைகளின் வழக்கம்.

வீட்டுக்குள்ளேயே இருந்தால் எச்சம் எங்கே போகும்? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர் வாஷிங்டனில் உள்ள ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் மார்த்தா வைஸ். அவர் ஆராய்ந்தது அமெரிக்கத் தாவிதான், ஆனால் அந்தப் பழக்கம் தாவிக் குடும்பத்தில் பரவலாக இருப்பது. புழுவின் பின்புறத்தில் சீப்பு போன்ற ஒரு கடினமான தகடு இருக்கிறது. எச்ச உருண்டை அதில் வந்து நிற்கும். உடலுக்குள் திரவ அழுத்தம் ஏறும். தடை விலகியதும் உருண்டை தெறித்துப் போகும். தன் உடல் நீளத்தைப் போல 38 மடங்கு தூரம் வரை அது வீசியதை அவர் 2003-இல் எழுதினார். எச்சத்தின் வாடையை வைத்துக் குளவி புழுவைத் தேடி வருகிறது என்பதையும் சோதனை செய்து காட்டினார். வீட்டைச் சுத்தமாக வைப்பது உயிர் பிழைக்கும் வழி.

இதை நான் காதால் கேட்டிருக்கிறேன். வயல் வரப்பிலிருந்து எடுத்து வந்த பச்சைப் புழு ஒன்றை நெல் இலையோடு பிளாஸ்டிக் டப்பாவில் வளர்த்தேன். இரவில் விளக்கணைத்த பிறகு டப்பாவிலிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். சற்று நேரம் கழித்து மறுபடி ‘டிக்’. எச்ச உருண்டை டப்பாச் சுவரில் மோதும் ஓசை. காலையில் மூடியின் உட்புறம் முழுக்கக் கரும்பச்சைப் புள்ளிகள்.

அந்தப் புழு பெலோபிடாஸ் மத்தியாஸ். நம் வயலில் இருக்கும் இதே வகைதான் ஆப்பிரிக்கா முழுவதும் புல்லிலும் நெல்லிலும் வளர்கிறது. கிழக்கே ஜப்பான் வரை பரவியிருக்கிறது. இதற்கு 1798-இல் பெயரிட்டவர் டென்மார்க்கைச் சேர்ந்த பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ். அவர் கையில் இருந்த மாதிரி எங்கிருந்து போனது தெரியுமா? அப்போது டேனியர் வசம் இருந்த தரங்கம்பாடியிலிருந்து. ஆப்பிரிக்கத் தாவிகளின் பட்டியலை விரிக்கும்போதெல்லாம் இந்தப் பெயருக்கு எதிரே நம் கடற்கரை ஊரைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு நிறையும்.

மத்தியாஸின் கடைசிப் பருவப் புழுவைக் கையில் வைத்துப் பார்ப்பது நல்ல பாடம். தலை பச்சை, இரு பக்கமும் செம்பழுப்பு ஓரம் வைத்த வெள்ளைக் கோடு. உடல் கண்ணாடி போல, உள்ளே குடல் ஓடுவது தெரியும். முதுகின் பின்பாதியில் தோலுக்கு அடியில் இரண்டு மஞ்சள் பொட்டுகள் தெரிந்தால் அது ஆண். அவை விரைகள். புழுப் பருவத்திலேயே ஆணா பெண்ணா என்று வெறுங்கண்ணால் சொல்ல முடிவது எத்தனை உயிர்களில் கிடைக்கும்!

கூட்டுப்புழுவாகும் நேரம் நெருங்கும்போது புல், பனை தின்னும் பல வகைகளின் வயிற்றுப் பக்கம் சுண்ணாம்பு தடவியது போல வெளுக்கும். அது மெழுகு. அங்குள்ள சுரப்பிகளிலிருந்து வரும் அந்த வெண்பொடியைப் புழு வீட்டின் உட்சுவரில் பூசிவிடும். உடலும் பொடியால் வெளுத்துப்போகும். மழை ஈரம் உள்ளே ஒட்டாது. இலை மடிப்பைப் பிரித்ததும் விரலில் வெள்ளை மாவு ஒட்டினால், உள்ளே கூட்டுப்புழு இருக்கிறது அல்லது இருந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாத் தாவியும் வீட்டுக்குள்ளேயே கூட்டுப்புழுவாக மாறுவதில்லை. மத்தியாஸும் அதன் உறவுகளும் வெறும் புல் இலையில், இடுப்பில் ஒரு பட்டுக் கயிற்றைக் கட்டிக்கொண்டு தொங்கும். கூட்டுப்புழு புல்லின் பச்சையிலேயே இருக்கும், முன்பக்கம் கூரான மூக்கு. என் டப்பாவில் இருந்ததை நான் இரண்டு முறை தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட தாவிகளில் இன்னொரு வேடிக்கை உண்டு. அந்தக் குழலுக்கான உறை கூட்டுப்புழுவின் உடலைத் தாண்டி, பின்னால் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். ஆழக் குழாய்ப் பூக்களில் தேன் குடிக்கப் போகும் பூச்சி அது என்பது பிறக்கும் முன்பே தெரிந்துவிடுகிறது.

இனி சாப்பாடு. உணவுத் தாவரம் என்று பூச்சியியலில் சொல்வது புழு தின்னும் செடியை. வளர்ந்த பூச்சி தேன் குடிக்கும் பூ வேறு. தேனுக்குப் பூச்சி எந்தப் பூவுக்கும் போகும், முட்டை வைக்க அப்படிப் போகாது. பெரும்பாலான தாவிகள் ஒரு குடும்பத்துச் செடிகளைத் தாண்டுவதில்லை. எந்தக் கூட்டம் எந்தக் குடும்பத்தைப் பிடித்திருக்கிறது என்று பார்த்தால் ஆப்பிரிக்கத் தாவிகள் தாமாகவே பிரிந்து நிற்கின்றன.

முதலில் கோலியாடிஸ் கூட்டம். பெரிய, வேகமான பூச்சிகள். தென் ஆப்பிரிக்காவில் இவற்றுக்குப் ‘போலீஸ்காரர்’ என்று பெயர். புழுக்கள் மற்றத் தாவிப் புழுக்களைப் போல மங்கலாக இருக்காது, உடலில் குறுக்குப் பட்டைகள் போட்டுப் பளிச்சென்று இருக்கும். கோலியாடிஸ் பிசிஸ்ட்ராட்டஸ் தின்பது குருக்கத்திக் குடும்பத்துக் கொடிகளை. கோலியாடிஸ் ஆங்கைசிஸ் பாலுள்ள மார்ஸ்டீனியா கொடியில் வளர்கிறது, நம் குறிஞ்சான் கொடியின் நெருங்கிய சொந்தம் அது. கோலியாடிஸ் லிபியான் டிரைப்பீட்டிஸ் மரத்தை நாடும். கோலியாடிஸ் ஃபாரஸ்டன் மட்டும் இந்த ஒழுங்குக்கு அடங்காமல் பல குடும்பத்துச் செடிகளைத் தின்கிறது. அது கண்டம் முழுக்கப் பரவியிருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் பக்கத்தில் இந்தக் கூட்டத்துக்கு உறவான பெடாமியா என்ற தாவியும் குருக்கத்தியில் முட்டை வைக்கும். இந்தியப் பெருங்கடலின் இரு கரையிலும் ஒரே குடும்பத்துக் கொடியில் ருசி.

அடுத்து, சிறகை விரித்துத் தட்டையாக உட்காரும் கூட்டம். இவை அகன்ற இலைச் செடிகளுக்குரியவை. செலனோரைனஸ், எரெட்டிஸ், சரங்கேசா ஆகியவை ஆடாதோடைக் குடும்பத்தை விடுவதில்லை. தென் ஆப்பிரிக்காவின் வறண்ட கரூ நிலத்தில் வாழும் அலேனியா சாண்டாஸ்டர் கூட அங்கே கிடைக்கும் முள்ளடர்ந்த பிளிஃபாரிஸ் செடியைத் தேடிப் பிடித்திருக்கிறது, அதுவும் அதே குடும்பம்தான். காட்டு நிழலிலிருந்து பாலைவன ஓரம் வரை நிலம் எவ்வளவோ மாறியும் சாப்பாடு மாறவில்லை. ஸ்பியாலியா என்ற சின்னஞ்சிறு கறுப்பு வெள்ளைத் தாவிகளுக்குச் செம்பருத்திக் குடும்பம். கோமாலியா எல்மாவுக்குத் துத்தி. இந்தக் கோமாலியாக்களும் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இருக்கின்றன. கப்ரோனாவும் லூகோகிட்டோனியாவும் கிரூவியா என்ற புதர் மரத்தில். டாகியடிஸ் வள்ளிக்கொடியில்.

மூன்றாவது, புல் தின்னும் கூட்டம். எண்ணிக்கையில் மிகப் பெரியது. மெட்டிசெல்லா, கெடஸ்டிஸ், போர்போ, கெகனெஸ் எல்லாம் புல்தான். இவற்றிலும் சில எந்தப் புல்லையும் ஏற்கும், சில ஒரே புல்லைப் பிடித்துத் தொங்கும். தென் ஆப்பிரிக்காவின் மேட்டுநிலச் சதுப்புகளில் உள்ள மெட்டிசெல்லா மெனிங்க்ஸ், லீர்சியா ஹெக்சாண்ட்ரா என்ற நீரோரப் புல்லோடு கட்டுண்டது. சதுப்பை வடித்துக் கட்டடம் எழும்பினால் புல் போகும், பூச்சியும் அதோடு போகும்.

புல் தின்னும் தாவிகளோடு ஒரே துணைக்குடும்பத்தில் வைக்கப்படும் பல ஆப்பிரிக்கப் பேரினங்கள் புல்லையே தொடுவதில்லை. இதுதான் ஆப்பிரிக்காவை எனக்குத் தனியாகக் காட்டுவது. ஆர்டிட்ரோபா எரின்னிஸ் டிரசீனா செடியில் வளர்கிறது. மோல்டெனா ஃபியாரா, கிழக்குக் கேப் தொடங்கி குவாசுலு-நாட்டல் வரையுள்ள கடற்கரையில் வாழை போல ஓங்கி நிற்கும் வெள்ளை ஸ்டிரெலிட்சியாவில். சோஃபோபெட்டிஸ் டிஸ்மெஃபிலா காட்டு ஈச்ச மரத்தில், தோட்டத்தில் வைக்கும் பனை வகைகளிலும். மேற்கு ஆப்பிரிக்காவில் அதன் சகோதர வகை சோஃபோபெட்டிஸ் செரிமிக்கா தென்னையையும் எண்ணெய்ப் பனையையும் தின்னும். இந்த மூன்று பேரினத்துப் பூச்சிகளும் அந்தி மங்கும் நேரத்தில் பறப்பவை. இஞ்சிக் குடும்பத்தில், ஏலக்காய்க்கு உறவான ஆஃப்ரமோமத்தில் வாழ்பவையும் உண்டு. பிளாட்டிலெஸ்கெஸ் இன்னும் விலகிப் போய்விட்டது. ஜாம்பியா, மலாவி, ஜிம்பாப்வே பக்கத்து மியோம்போ காடுகளில் மக்கள் பழம் பறித்துத் தின்னும் பரினாரி குராட்டெல்லிஃபோலியா என்ற மரம்தான் அதன் சோறு. புல், ஈச்சம், இஞ்சி, டிரசீனா எல்லாம் ஒருவித்திலைத் தாவரங்கள். பரினாரி இருவித்திலை. சிறகைப் பார்த்து இவற்றின் உறவைக் கணிக்க முயன்றவர்கள் தடுமாறிய இடங்களில் புழுவும் கூட்டுப்புழுவும் உணவும் நல்ல துப்புக் கொடுத்திருக்கின்றன.

இவ்வளவும் எப்படித் தெரிய வந்தது? ஒரு செடியில் புழுவைப் பார்த்ததால் மட்டும் அது உணவுத் தாவரம் ஆகிவிடாது. கூடு கட்ட இடம் தேடும் புழு தான் தின்ற செடியை விட்டு இறங்கி, பக்கத்தில் எதிலாவது ஏறி உட்காரும். அதைப் பார்த்து எழுதிய தவறான பதிவு ஒரு பட்டியலிலிருந்து அடுத்த பட்டியலுக்குப் பல ஆண்டுகள் நகலாகிக்கொண்டே போகும். டப்பாவில் பட்டினி கிடந்து தின்றதும் கணக்கில் வராது. கென்யாவில் வான் சோமரென் கிழக்கு ஆப்பிரிக்க வண்ணத்துப்பூச்சிகளின் உணவுத் தாவரங்களை 1974-இல் தொகுத்தார். அதற்குப் பின் இந்தத் துறையில் பெரிய உழைப்பு மேத்யூ காக், காலின் காங்டன் இருவருடையது. காக் கென்யாவிலும் காங்டன் தான்சானியாவிலும் இலை வீடுகளைத் தேடித் தேடிப் பறித்து, புழுவை வளர்த்து, 2010 முதல் தொடர் கட்டுரைகளாக வெளியிட்டார்கள்.

முறை எளிமையானது, பொறுமைதான் வேண்டும். புழுவைத் தின்றுகொண்டிருக்கும் செடியோடு எடுக்க வேண்டும். செடியின் ஒரு கிளையை அழுத்திக் காயவைத்து, தாவரவியல் அறிந்தவரிடம் பெயர் கேட்க வேண்டும். ஒவ்வொரு தோலுரிப்பிலும் புழு தலை ஓட்டைக் கழற்றிப் போடும். கடுகளவான அந்த ஓட்டை எடுத்துத் தேதியோடு வைத்தால் பருவங்களின் கணக்கு தவறாது. பூச்சி வெளிவந்ததும் அதையும், அது விட்டுச் சென்ற கூட்டையும் ஒரே எண்ணில் சேர்த்து வைக்க வேண்டும். புழு, செடி, பூச்சி மூன்றும் ஒரே எண்ணில் இருந்தால்தான் பதிவு நிற்கும்.

பல நேரம் பூச்சி வராது. புழுவின் தோலைத் துளைத்துக்கொண்டு குளவிக் குஞ்சுகள் வந்து, பக்கத்திலேயே வெள்ளைப் பஞ்சு உருண்டைகளாகக் கூடு கட்டிவிடும். முதல் தடவை பார்க்கும்போது மனம் உடைந்து போகும். அந்தக் குளவியையும் எறியாமல் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் அந்தத் தாவியின் வாழ்க்கையில் ஒரு பக்கம்.

உணவுத் தாவரத்தின் பெயர் தெரிந்தால் பூச்சியைக் காப்பாற்றிவிடலாமா என்று கேட்பவர்களுக்கு நான் கேப் டவுனைக் காட்டுவேன். நகரின் தென்கிழக்கில் கேப் ஃபிளாட்ஸ் என்ற மணற்சமவெளி. அங்கே ஸ்ட்ராண்ட்ஃபோன்டைன் பக்கத்து மணல்மேடுகளில் கெடஸ்டிஸ் பார்பெரே புன்டா என்ற துணைவகைத் தாவி இருக்கிறது. பெயரில் இருப்பவர் 19-ஆம் நூற்றாண்டில் தென் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இயற்கை ஆய்வாளரும் ஓவியருமான மேரி பார்பர். புழு தின்பது இம்பெராட்டா சிலிண்ட்ரிகா. நம் ஊரிலும் சிலர் தர்ப்பை என்று சொல்லும் அந்த வெண்கதிர்ப் புல்லை உலகின் பல நாடுகளில் விவசாயிகள் ஒழிக்க முடியாத களையாகப் பார்க்கிறார்கள்.

புல்லுக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் இந்தத் தாவி அழிவின் விளிம்பில் நிற்கிறது. கேப் ஃபிளாட்ஸின் மணல்மேடுகளை வீடுகளும் சாலைகளும் மூடிவிட்டன. எஞ்சிய இடத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த அகேசியா மரங்கள் அடர்ந்துவிட்டன. புல் ஓங்கி நிற்கும் திட்டுகள் ஒன்றுக்கொன்று தொலைவில் சிதறிக் கிடக்கின்றன. சிறிய பூச்சி ஒன்று நடுவில் உள்ள கான்கிரீட்டைத் தாண்டிப் போவது பெரும்பாடு. அங்கே வேலை செய்கிறவர்கள் பூச்சி பறக்கும் சில வாரங்களுக்காகக் காத்திருந்து, திட்டு திட்டாக நடந்து, புல் இலையின் இரு ஓரத்தையும் பட்டால் தைத்த குழல் ஏதாவது கண்ணில் படுகிறதா என்று புல்லை விலக்கிப் பார்க்கிறார்கள்.